தங்கமணியும் கும்பகர்ணனும்: என் பழைய மொக்கைக்கு நானே எழுதும் எதிர்வினை

கடை திறந்து ரொம்ப மாசம் ஆச்சு. எல்லாரும் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் குடி போனப்புறம், இங்கே இன்னும் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கிற நாலஞ்சு பழைய ஆளுங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் எங்க குடும்பக் குழுவுல ஒரு ஃபார்வர்டு. "தைராய்டுக்கு ஆயுசு முழுக்க மாத்திரையா? வேண்டவே வேண்டாம்! கொத்தமல்லி விதையை ராத்திரி ஊற வச்சு காலையில குடிங்க, நாப்பதே நாள்ல தைராய்டு ஓடிப் போயிடும்." கீழே வரிசையா கும்பிடு, கைதட்டல். அதுக்கும் கீழே எங்க சித்தப்பா: "அந்தக் காலத்துல ஏது தைராய்டு? எட்டு புள்ள பெத்துட்டு மறுநாளே மாவாட்டுனாங்க. இப்ப உள்ளதுங்களுக்கு சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு வேணும். டாக்டர் வச்சுக் கொடுத்துட்டான்."

படிச்சதும் கை பரபரன்னுச்சு. நாலு வரி டைப் பண்ணினேன். அனுப்பாம அழிச்சேன். ஏன்னா சித்தப்பா சொன்ன அதே விஷயத்தை, அவரைவிட சுவாரசியமா, இதே வலைப்பூவுல நான் எழுதியிருக்கேன். 2009ல "தங்கமணியும் கும்பகர்ணனும்"னு ஒரு பதிவு, ஞாபகம் இருக்கா? உங்கள்ல பாதி பேரு அதுல பின்னூட்டம் போட்டிருக்கீங்க. "ரிப்பீட்டே", "சேம் பிளட்", "எங்க வீட்லயும் இதே கூத்துதான் தல". செம ஹிட்டு. அந்த போதையில பாகம் ரெண்டு, பாகம் மூணுன்னு இழுத்தேன்.

அந்த மூணையும் நேத்து ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். அதுக்குப் பேரு காமெடிப் பதிவு இல்லை மக்கா, கேஸ் ஷீட்டு. ஒரு டாக்டர் கையில அந்த மூணு பதிவையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தா, நோயாளியைப் பார்க்காமலே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருப்பார்.

முதல் பாகத்துல என்ன எழுதியிருக்கேன்? திருச்சியில மே மாசம், ஊரே வெந்துக்கிட்டு இருக்கு, எங்க வீட்ல மட்டும் ஃபேனுக்கு லீவு, தங்கமணிக்கு ரெண்டு போர்வை, அவங்களுக்குள்ளேயே ஒரு ஊட்டி இருக்குன்னு. அது ஊட்டி இல்லை. உடம்பு சூடு உண்டாக்குற வேகம் குறைஞ்சுபோச்சு. ராத்திரி எட்டரைக்கே தூங்கிடறாங்க, படம் போட்டா டைட்டில் முடியறதுக்குள்ள குறட்டை, காலையில மூணு அலாரம் வச்சும் எந்திரிக்கறது நாந்தான்னு ஒரு பத்தி. பத்து மணி நேரம் தூங்கியும் அசதி தீராம ஒருத்தி எந்திரிக்கிறான்னா அது தூக்கத்தோட பிரச்சினையே இல்லைன்னு எனக்குத் தோணலை. சிரிப்புதான் தோணிச்சு.

ரெண்டாம் பாகம் மறதி. அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துடறாங்க, பக்கத்து வீட்டம்மா பேரு மறந்து "அவங்க அவங்க"ன்னு அஞ்சு நிமிஷம் தேடறாங்க, பேச்சே ஸ்லோ மோஷன்ல வருது. அதுல ஒரு ஜோக்குக்குத்தான் அதிக சிரிப்பான் விழுந்துச்சு: எங்க மாமனார் போன் பண்ணி, தங்கமணி குரலைக் கேட்டுட்டு "மாப்ளே, அவகிட்ட கொடுங்க"ன்னு சொன்னது. பெத்த அப்பாவுக்கே பொண்ணு குரல் தெரியாத அளவுக்குக் கரகரத்துப் போயிருக்கு. நான் அதுக்கு ஸ்மைலி போட்டிருக்கேன்.

மூணாம் பாகம் உடம்பைப் பத்தி. அதைத் திருப்பி எழுத மனசு வரலை. பன்னு, பூரின்னு உவமை எல்லாம் இருக்கு. இதுல ஒரு விஷயம் சொல்லிடறேன். தைராய்டு குறைஞ்சா ஆள் முப்பது கிலோ ஏறிடுவாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. அப்படி இல்லை. பொதுவா ஏறுறது சில கிலோதான், அதுலயும் நிறைய உடம்புல தேங்கிற நீரும் உப்பும்தான். முகமும் கண்ணைச் சுத்தியும் உப்பலா தெரியும். தங்கமணி ஏறினதே நாலஞ்சு கிலோதான். என் பதிவுல ஏறினதுதான் ஜாஸ்தி.

சரி, புருஷன்காரன் மடையன். டாக்டருங்க என்ன பண்ணினாங்கன்னு கேப்பீங்க. அங்கேதான் எனக்கு வயித்தெரிச்சல்.

தெருமுனை டாக்டர் ஹீமோகுளோபின் பார்த்தார், 8.4. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஆறு மாசம் சாப்பிட்டும் ஏறலை, ஏன் ஏறலைன்னு அவர் கேட்கலை. முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, தோல் டாக்டர் ஒரு லோஷனும் மாத்திரையும் எழுதினார். கை மரத்துப் போகுது, ராத்திரி உதறிக்கிட்டு எந்திரிக்கிறாங்கன்னு எலும்பு டாக்டர்கிட்ட போனோம், மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. மாஸ்டர் செக்கப்ல கொழுப்பு எகிறி இருந்துச்சு, அதுக்கு ஒரு மாத்திரை. அதைப் போட ஆரம்பிச்ச மூணாவது வாரம் தொடையெல்லாம் வலி, மாடிப்படி ஏற முடியலை. அதுக்கு "வாக்கிங் போங்கம்மா"ன்னு அட்வைஸ். அப்புறம் ஒரு மனநல மருத்துவர், "மனச்சோர்வு"ன்னு மாத்திரை. கடைசியா மகளிர் மருத்துவர். மாசாமாசம் ரத்தம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, பத்து நாள், பன்னெண்டு நாள். "ரெண்டு குழந்தை இருக்குல்ல? கர்ப்பப்பையை எடுத்துடலாம்." தங்கமணிக்கு அப்ப 38 வயசு.

யாரோட பேரையும், எந்த ஆஸ்பத்திரி பேரையும் சொல்லப்போறதில்லை. ஒவ்வொருத்தரும் தனித்தனியா பார்த்தா தப்பே பண்ணலை. முடி கொட்டினா முடிக்கு, ரத்தம் குறைஞ்சா ரத்தத்துக்கு. ஆனா ரத்தசோகை, ரத்தப்போக்கு, கொழுப்பு, கை மரத்துப் போறது, மலச்சிக்கல் (இதை அவங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லை, கூச்சம்), குளிர், குரல், மறதி, சோர்வு... இத்தனையும் ஒரே ஆளுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள வருதுன்னா, அது ஒன்பது வியாதியா இருக்குமா ஒரு வியாதியா இருக்குமான்னு ஒருத்தராவது யோசிச்சிருக்க வேண்டாமா? சில நூறு ரூபாய் பரிசோதனை. ரெண்டு வருஷத்துல நான் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் அழுத காசுல அந்தப் பரிசோதனையை எங்க தெரு முழுக்க எடுத்திருக்கலாம். கொழுப்பு அதிகமா இருந்தா மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி தைராய்டு பாருங்கன்னு மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்லுது. தைராய்டு குறைவா இருக்கிற உடம்புல அந்தக் கொழுப்பு மாத்திரை தசையைப் பாதிக்கிற ஆபத்து அதிகம்னும் அவங்க பாடப்புத்தகத்துலயே இருக்கு.

அப்ப யார்தான் கண்டுபிடிச்சது? மயக்க மருந்து டாக்டர்.

2011. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை மயக்க மருந்து கொடுக்கிறவங்க ஒரு தடவை பார்க்கணும்னு சொன்னாங்க. சின்ன வயசு டாக்டரம்மா, முப்பது இருந்தா ஜாஸ்தி. ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிக்கிட்டே தங்கமணிகிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க. பதில் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாங்க. "உங்க குரல் எப்பவும் இப்படித்தானாம்மா?"

நாடி பிடிச்சாங்க, 54. நாற்காலியில முட்டி போட்டு நிக்கச் சொல்லி, பாதத்தைத் தொங்கவிட்டு, குதிகாலுக்கு மேல இருக்கிற நரம்புல ஒரு சின்ன சுத்தியலால தட்டினாங்க. பாதம் வெடுக்குன்னு போச்சு. திரும்பி வரும்போது மெதுவாஆஆ வந்துச்சு. என்னை வேற பக்கத்துல கூப்பிட்டுக் காட்டினாங்க. அப்புறம் கேட்டாங்க, "இவங்களுக்குப் புருவத்தோட வெளி ஓரம் எப்பலேர்ந்து இல்லை?"

நான் முழிச்சேன்.

"இத்தனை நாளா நீங்க எதையும் கவனிக்கலையா சார்?"

கவனிச்சேன் மேடம், மூணு பாகமா பதிவே போட்டிருக்கேன், 43 பின்னூட்டம் வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?

அன்னிக்கே ரத்தம் எடுத்தாங்க. டி.எஸ்.எச் நார்மலா சுமார் 0.4லேர்ந்து 4.5 வரை இருக்கணும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். தங்கமணிக்கு "100க்கு மேல்"னு அச்சடிச்சு வந்துச்சு. அதுக்கு மேல எண்ண அந்த மெஷினுக்கு வராதாம். ஃப்ரீ டி4 கிட்டத்தட்ட அடிமட்டம். டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்திட்டாங்க. "இந்த நிலைமையில மயக்கம் கொடுத்தா தெளிய வைக்கிறது கஷ்டம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் அந்த ஆபரேஷன் தேவைப்படுதான்னு பாருங்க."

தேவைப்படலை. குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்து ஏத்தினாங்க. நாலஞ்சு மாசத்துல ரத்தப்போக்கு வழக்கமான அளவுக்கு வந்துச்சு. ஹீமோகுளோபின் ஏறுச்சு. கொழுப்பு தன்னால இறங்குச்சு, கை மரத்துப் போறது நின்னுச்சு. மனச்சோர்வு மாத்திரையை அந்த மனநல டாக்டரே படிப்படியா குறைச்சு நிறுத்தினார். கர்ப்பப்பை இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. அடுத்த மே மாசம் ஒரு ராத்திரி, "ஏங்க, ஃபேனைக் கூட்டி வைங்க, வேர்க்குது"ன்னாங்க. நான் எந்திரிச்சுப் போய் ரெகுலேட்டரை அஞ்சுல வச்சுட்டு அப்படியே இருட்டுல கொஞ்ச நேரம் நின்னேன். அதைப் பத்தி மட்டும் பதிவு போடலை.

இப்ப கொஞ்சம் மேட்டர். டி.எஸ்.எச் அதிகமானா தைராய்டு குறைவுங்கறது பல பேருக்குக் குழப்பம். "100 இருக்கே, அப்ப தைராய்டு ஜாஸ்திதானே?"ன்னு கேட்பாங்க. நம்ம ஆபீஸ் பாஷையிலயே சொல்றேன். மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு டேமேஜர் உட்கார்ந்திருக்கார். கழுத்துல தைராய்டு, ஆணி புடுங்கற ஆளு. ஆளு ஒழுங்கா புடுங்கினா டேமேஜர் குரலே வெளியே கேட்காது. ஆளு தூங்கினா டேமேஜர் கத்துவார். அந்தக் கத்தல்தான் டி.எஸ்.எச். 8ன்னா அதட்டல், 100ன்னா ஃப்ளோரே அதிருது. புடுங்கின ஆணிக்கணக்குதான் ஃப்ரீ டி4. கத்தல் ஜாஸ்தி, ஆணி குறைவுன்னா சந்தேகமே இல்லை, தைராய்டு சுணங்கிடுச்சு.

இதுல ஒரு உள்குத்து இருக்கு, டாக்டர்களே சில சமயம் கோட்டை விடறது. டேமேஜரே தூங்கிட்டா? கத்தல் வராது. டி.எஸ்.எச் நார்மலாவோ குறைவாவோ இருக்கும், ஆனா ஒரு ஆணியும் புடுங்கப்பட்டிருக்காது. பிரசவத்துல அளவுக்கு மீறி ரத்தம் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி சேதமாகி இப்படி ஆகறது உண்டு. குழந்தைக்குப் பால் வராது, மாதவிலக்கு திரும்ப வராது, வருஷக்கணக்கா அசதி. அவங்களுக்கு டி.எஸ்.எச் மட்டும் எடுத்துட்டு "நார்மல், வீட்டுக்குப் போங்க"ன்னா அது பாவம். ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தாதான் தெரியும். இதை ரத்தம் எடுக்கும்போது கேட்டு வாங்குங்க.

சித்தப்பாவோட "அந்தக் காலத்துல ஏது"க்கு வர்றேன். அந்தக் காலத்துல இருந்துச்சு சித்தப்பா. 1873லயே லண்டன்ல வில்லியம் கல்னு ஒரு டாக்டர், வளர்ந்த பெண்களுக்கு இப்படி முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, குளிர் தாங்காம போறதைப் பத்தி எழுதிட்டார். 1878ல வில்லியம் ஆர்டு அதுக்கு மிக்சிடீமான்னு பேரு வச்சார். 1891ல ஜார்ஜ் மர்ரேங்கிறவர் ஆட்டோட தைராய்டுலேர்ந்து சாறு எடுத்து ஊசி போட்டார். அந்த அம்மா அதுக்கப்புறம் 28 வருஷம் உயிரோட இருந்தாங்க. 1912ல ஜப்பான்ல ஹஷிமோட்டோ, நம்ம எதிர்ப்புச் சக்தியே திரும்பி நம்ம தைராய்டைத் தின்கிற வியாதியை விவரிச்சார். உப்புல அயோடின் கலக்கிற ஊர்கள்ல இன்னிக்கு முக்கியமான காரணம் அதுதான். 1949ல ரிச்சர்டு ஆஷர்னு இன்னொரு இங்கிலீஷ் டாக்டர், தைராய்டு குறைஞ்சு மனநோயாளின்னு நினைக்கப்பட்ட 14 பேரைப் பத்தி எழுதினார். தைராய்டு கொடுத்ததும் அதுல பலர் தெளிஞ்சாங்க.

ஆக, எட்டுப் புள்ளை பெத்த அந்தப் பாட்டிகள்ல எத்தனை பேரு குரல் மாறி, முகம் ஊதி, மூலையில போர்வையோட கிடந்து, "அவளுக்கு எப்பவும் ஒரு மந்தம்"னு பேரு வாங்கிச் செத்தாங்களோ. மாவாட்டினதை ஞாபகம் வச்சிருக்கோம். மாவாட்ட முடியாதவங்களைப் பத்தி யாரும் கதை சொல்லலை.

எண்ணிக்கையும் சொல்லிடறேன். சென்னை உட்பட 8 இந்திய நகரங்கள்ல 5000 பேருக்கு மேல ரத்தம் எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2013ல வெளியாச்சு. சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. அதுல மூணுல ஒருத்தருக்குத் தனக்கு இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது. அந்த ஒருத்தரைத்தான் வீட்ல கும்பகர்ணன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

ஆனா, நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கு, அதுக்கும் எனக்குக் கோபம் வருது. "எனக்குத் தைராய்டு இருக்கு"ன்னு சொல்றாங்களே, யாருக்கு ஐயா இல்லை? எனக்கும்தான் கிட்னி இருக்கு. குறைவா, அதிகமா, கட்டியான்னு கேட்டா தெரியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னும் தோணறதில்லை. இதைத்தான் லேபுக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. 64 பரிசோதனை, ஆடித் தள்ளுபடி, டி3 டி4 டி.எஸ்.எச் இலவசம். எங்க பெரியம்மாவுக்கு 74 வயசு. நல்லா நடந்துக்கிட்டு இருந்தாங்க. அப்படி ஒரு பேக்கேஜுல டி.எஸ்.எச் 6.1னு வந்துச்சு. மறுபடி ஒரு தடவை பார்க்கலை, ஃப்ரீ டி4 பார்க்கலை, அன்னிக்கே ஒரு டாக்டர் 100 மைக்ரோகிராம் எழுதிட்டார். ரெண்டு மாசத்துல நெஞ்சு படபடப்பு, நாடி தாறுமாறு, ஐ.சி.யூ. வயசானா டி.எஸ்.எச் கொஞ்சம் ஏறுறது சகஜம். லேசா ஏறி, ஃப்ரீ டி4 நார்மலா இருந்தா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். நிறைய பேருக்கு அது தானா இறங்கிடும். 65 வயசுக்கு மேல அப்படி லேசா ஏறினவங்க 700 பேருக்கு மேல வச்சு ஐரோப்பாவுல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2017ல வெளியாச்சு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அசதியில ஒரு வித்தியாசமும் இல்லை. டி.எஸ்.எச் 10ஐத் தாண்டினா, கர்ப்பமா இருந்தா, குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தா கதை வேற.

அதாவது தங்கமணியை ரெண்டு வருஷம் யாரும் பரிசோதிக்கலை, பெரியம்மாவைப் பரிசோதிச்சு யாரும் யோசிக்கலை. ரெண்டு பக்கமும் அடி பொம்பளைங்களுக்குத்தான். ஆம்பளைங்களுக்கும் இது வரும், ஆனா பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். ஒரு வேளை அதனாலதான் இத்தனை அலட்சியமோ என்னவோ.

பரிசோதனையிலயும் ஒரு பொறி இருக்கு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறாங்கல்ல? அந்த பயோட்டின் பல லேப் மெஷின்களை ஏமாத்திடும். டி.எஸ்.எச்சைக் குறைவா, டி4ஐ அதிகமா காட்டும். அமெரிக்க எஃப்.டி.ஏ 2017லயே எச்சரிக்கை விட்டாச்சு. முடி எதனால கொட்டுதுன்னு கண்டுபிடிக்கிற பரிசோதனையை, முடிக்குச் சாப்பிடற மாத்திரையே கெடுக்குது பாருங்க. ரத்தம் கொடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது, டாக்டர்கிட்ட சொல்லிட்டு, நிறுத்திடுங்க. வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஆனா டி.எஸ்.எச் காலையில அதிகமாவும் மதியம் குறைவாவும் இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் காலையிலயே கொடுக்கறது நல்லது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க அன்னிக்கு ரத்தம் கொடுத்துட்டு அப்புறம் மாத்திரையைப் போடுங்க.

யார் எடுக்கணும்? அசதியா இருக்குன்னு ஒரு தடவை சொன்னவங்க எல்லாம் ஓட வேண்டாம். அசதிக்கு ஆயிரம் காரணம். ஆனா அசதியோட குளிர், மலச்சிக்கல், குரல் மாற்றம், அதிக ரத்தப்போக்குன்னு ரெண்டு மூணு சேர்ந்தா எடுங்க. பிள்ளை பெத்து ஒரு வருஷத்துக்குள்ள இருக்கிற பொண்ணு "முடியலை"ன்னா, "புள்ளை பெத்தா அப்படித்தான்"னு வாயை அடைக்காம எடுங்க. அந்தச் சமயத்துல தைராய்டு புண்ணாகி ஏறி இறங்கறது உண்டு. குழந்தை தங்காதவங்க, வீட்ல அம்மா அக்காவுக்கு இருக்கிறவங்க, முதல் வகைச் சர்க்கரை இருக்கிறவங்க, லித்தியமோ அமியோடரோனோ சாப்பிடறவங்க எடுங்க. தாத்தாவுக்குத் திடீர்னு மறதின்னா "வயசாச்சு"ன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி எடுங்க. பிறந்த குழந்தைக்குக் குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற பரிசோதனையை ஆஸ்பத்திரியில நீங்களே கேட்டு வாங்குங்க. சுமார் ஆயிரத்துல ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே இந்தக் குறை இருக்கும், பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ரெண்டு வாரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா குழந்தை மத்தவங்க மாதிரியே வளரும். மாசக்கணக்குல தவறவிட்டா மூளை வளர்ச்சியில போனது போனதுதான்.

கொத்தமல்லித் தண்ணி? குடிங்க, நல்லா மணமா இருக்கும். செத்துப்போன தைராய்டு திசுவை அது எழுப்பாது. முட்டைக்கோஸ் பயமும் அப்படித்தான், வேகவச்சு சாப்பிடற அளவுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. இந்துப்பு ஃபேஷன்ல இருக்கிறவங்க மட்டும் அதுல அயோடின் ரொம்பக் குறைவுங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. அதுக்காக அயோடின் மாத்திரையை வாங்கி முழுங்கிடாதீங்க, அளவு மீறினா அதுவே தைராய்டைக் கெடுக்கும். ஆயுசு முழுக்க மாத்திரையான்னு பயப்படறவங்களுக்கு: அது மருந்துகூட இல்லை, உங்க உடம்பு செய்ய வேண்டிய சரக்கு அதே அச்சுல வெளியேயிருந்து வருது. நாள் ஒண்ணுக்கு ஒரு டீயோட விலைகூட ஆகாது. மூக்குக் கண்ணாடியை ஆயுசு முழுக்க போடறோம், அதுக்கு யாரும் ஃபார்வர்டு அனுப்பறதில்லை.

சரி, சித்தப்பா. குழுவுல ஒண்ணும் எழுதலைன்னு சொன்னேன்ல? அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பொங்கலுக்குத் தஞ்சாவூர் போயிருந்தப்ப சித்தியைப் பார்த்தேன். ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கண்ணுக்குக் கீழே பை மாதிரி. "வாப்பா"ன்னு கூப்பிட்டப்ப நான் சித்தப்பாதான் கூப்பிடறார்னு திரும்பினேன். அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும், தட்டலை. சோம்பேறித்தனம்னு அந்த மெசேஜைப் படிச்சப்பதான் தட்டுச்சு, அவர் யாரை மனசுல வச்சு எழுதறார்னு.

சித்திக்கு நேரா போன் போட்டேன். "வயசாச்சுப்பா, வேற என்ன, ஒரு வேலை ஓட மாட்டேங்குது. உங்க சித்தப்பா திட்டறதும் நியாயந்தானே"ன்னாங்க. அப்புறம் தம்பிக்கு, அதாவது சித்தப்பா பையனுக்குப் போன் போட்டு, டி.எஸ்.எச்சும் ஃப்ரீ டி4ம் ரெண்டும் எழுதி அனுப்பினேன். வியாழக்கிழமை காலையில ரத்தம் கொடுத்திருக்காங்க. சித்தப்பாதான் வண்டியில கூட்டிட்டுப் போனாராம், போகும்போதும் வரும்போதும் புலம்பிக்கிட்டே. தைராய்டா இருக்கலாம். சிறுநீரகமா இருக்கலாம், இதயமா இருக்கலாம், வெறும் ரத்தசோகையா இருக்கலாம். ஸ்வெட்டரைப் பார்த்து வியாதி சொல்ல நான் டாக்டர் இல்லை. ரிசல்ட் இன்னும் வரலை.

டிஸ்கி: அந்த மூணு பதிவையும் தூக்கிடலாமான்னு தங்கமணிகிட்ட கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும். மேல இதோட லிங்க்கைப் போடுங்க"ன்னுட்டாங்க. போட்டாச்சு. அப்ப ரிப்பீட்டே போட்டவங்க எல்லாம் கீழே வந்து வரிசையா கையெழுத்துப் போடலாம். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆச்சு, காபி கலக்கற டூட்டி என்னோடது, அப்பீட்டு.